ஜப்பானில் படிக்கப் போறீங்களா? தாம்பரத்தில் இருந்தே போட வேண்டிய கணக்கு

"ஜப்பான் போய் படிக்கலாம்னு இருக்கேன்மா."

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, வண்டலூர் பக்கம் கல்லூரிக் கடைசி வருஷத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு இப்போது அவ்வப்போது எழுகிறது. உடனே மூன்று கேள்விகள் வரும். அம்மா கேட்பது: "அங்க சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவே?" அப்பா கேட்பது: "மொத்தம் எவ்ளோ ஆகும்?" மூன்றாவது, பக்கத்து வீட்டு மாமாவுடையது: "பாஷை தெரியாம அங்க போய் என்ன படிக்கிறது?"

மூன்றும் நியாயமானவைதான். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: "எந்த வழியா போறே?" செலவு, மொழி, விசா, கடைசியில் கையில் மிஞ்சப்போவது பட்டமா கடனா என்பது வரை எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான்.

ஏன் திடீரென்று ஜப்பான்?

திடீரென்று என்று சொல்ல முடியாது. வண்டலூரில் இருந்து ஒரகடம் சாலையில் போனால் கொமாட்சு ஆலை இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் வல்லம் வடகாலில் யமஹா. தென்புறநகரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜப்பானிய நிறுவனம் என்பது டிவி விளம்பரத்தில் மட்டும் பார்த்த பெயர் கிடையாது. சித்தப்பாவோ, தெருவில் ஒரு அண்ணாவோ அங்கே வேலை பார்த்திருப்பார்.

ஜப்பான் பக்கமும் கதவு திறந்திருக்கிறது. கனடா 2024 முதல் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது. ஜப்பானோ 2033க்குள் 4 லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்ற இலக்கை 2023இல் அறிவித்தது. 2024 மே மாதக் கணக்குப்படி அங்கே படித்த வெளிநாட்டு மாணவர்கள் 3,36,708 பேர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீனர்கள், அடுத்து நேபாளம். இந்தியர்கள் மிகக் குறைவு. 2025 ஆகஸ்ட்டில் பிரதமர் மோடி டோக்கியோ போனபோது, ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் போய்வர வேண்டும் என்று ஒரு செயல்திட்டம் அறிவிக்கப்பட்டது. அதனால் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் எல்லா வாய்ப்பும் ஒரே தரத்தில் இல்லை.

செலவே இல்லாத வழி: மெக்ஸ்ட்

ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகையைத்தான் எல்லோரும் 'மெக்ஸ்ட்' என்கிறார்கள். 1954இல் இருந்து நடக்கிறது. கல்விக் கட்டணம் இல்லை, போகவர விமான டிக்கெட் அவர்களுடையது, மாதாமாதம் கைச்செலவுக்கும் தருகிறார்கள்: இளநிலை மாணவர்களுக்கு 1,17,000 யென், முதுநிலைக்கு 1,44,000, முனைவர் பட்டத்துக்கு 1,45,000. ஒரு யென்னை 58 பைசா என்று வைத்துக்கொண்டால் முதுநிலை மாணவருக்கு மாதம் 83 ஆயிரம் ரூபாய்க்கு மேல். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

இதற்குள் இரண்டு பாதைகள். ஒன்று, தூதரகம் பரிந்துரைப்பது. அறிவிப்பு பெரும்பாலும் ஏப்ரல் வாக்கில் வரும். விண்ணப்பிக்க சில வாரங்கள்தான் இருக்கும். பிறகு எழுத்துத் தேர்வு, நேர்காணல். தேர்வானால் அடுத்த ஆண்டு ஏப்ரலிலோ அக்டோபர் வாக்கிலோ பயணம். அதாவது ஃபைனல் இயர் முடிந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால் ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கான துணைத் தூதரகம் தேனாம்பேட்டையில் செனடாப் சாலைப் பக்கம் இருக்கிறது. தாம்பரத்தில் லோக்கல் ஏறி கிண்டியில் மெட்ரோவுக்கு மாறினால் போய்விடலாம்.

இரண்டாவது பாதை, பல்கலைக்கழகமே பரிந்துரைப்பது. தூதரகத்துக்கே போகாமல் நேராக அந்தப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வழிக்கு ஒரு மதிப்பெண் வாசல் உண்டு: 3க்கு 2.30 என்ற சராசரி. நம்மூர் சி.ஜி.பி.ஏ.வை அவர்கள் தங்கள் முறைக்கு மாற்றிப் பார்ப்பார்கள். "அரியர் எல்லாம் கிளியர் பண்ணிட்டேன், அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இங்கேதான் அடி விழும்.

பிளஸ் டூ முடித்து நேராக மெக்ஸ்ட் இளநிலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. முதல் வருஷம் முழுக்க ஜப்பானிய மொழிப் பயிற்சி. பிறகு நான்கு வருஷமும் வகுப்புகள் ஜப்பானிய மொழியில்தான். கணிதமும் இயற்பியலும் ஜப்பானிய மொழியில் எழுதத் தயாரா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் படிவத்தைத் தொடுவது நல்லது.

பேராசிரியருக்கு ஒரு மெயில்

முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் போகிறவர்களுக்கு, உதவித்தொகை உண்டோ இல்லையோ, உண்மையான வாசல் இதுதான். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிற மாதிரி பத்து பல்கலைக்கழகங்களுக்குப் படிவம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் முறை இங்கே அவ்வளவாக எடுபடாது. அங்கே ஒரு மாணவர் சேர்வது துறையில் என்பதைவிட ஒரு பேராசிரியரின் லேபில் என்றே சொல்லலாம். அவர் சம்மதிக்காமல் பெரும்பாலான இடங்களில் எதுவும் நகராது.

அதனால் எழுதும் மெயில் முக்கியம். "டியர் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் யுவர் ரிசர்ச்" என்று ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்கு. அவர் கடைசியாக வெளியிட்ட இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டு, தன் ஃபைனல் இயர் புராஜெக்ட் அதில் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று நாலு வரியில் சொல்கிற மெயிலுக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம். கூடவே இரண்டு பக்கத்தில் ஓர் ஆராய்ச்சித் திட்டம். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு பேராசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் எழுதக் கூடாது. அவர்கள் ஒரே காரிடாரில் இருப்பவர்கள், பேசிக்கொள்வார்கள். பதில் இல்லை என்றால் இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த பல்கலைக்கழகம்.

சில பேராசிரியர்கள் "முதலில் கென்க்யூசெய்யாக வாருங்கள்" என்பார்கள். பட்டப்படிப்பில் சேராத ஆராய்ச்சி மாணவர் என்று பொருள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ லேபில் இருந்துகொண்டே நுழைவுத் தேர்வுக்குத் தயாராகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் காலம் பட்டக் கணக்கில் சேராது. தேர்வில் தோற்றால் முதுநிலை இடமும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டே 'சரி' சொல்ல வேண்டும்.

மூன்று வருஷப் பட்டம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தவரும், பக்கத்துத் தெருவில் பி.இ. முடித்தவரும் ஜப்பான் கண்ணுக்கு ஒன்றல்ல. முதுநிலைக்கு அவர்கள் பொதுவாக எதிர்பார்ப்பது 16 வருடக் கல்வி. பி.இ. என்றால் 12 கூட்டல் 4, சரியாக வந்துவிடும். பி.எஸ்சி., பி.காம். என்றால் 15தான். வெளிநாட்டு மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்றுக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது; ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துக்கு முன்பே தனியாகத் தகுதிச் சரிபார்ப்பு கேட்கும். அதற்கான கடைசித் தேதி, விண்ணப்பக் கடைசித் தேதிக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். எம்.எஸ்சி. முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

ஆங்கிலத்திலேயே படிக்க முடியுமா?

முடியும். முதுநிலை, முனைவர் நிலையில் அறிவியல், பொறியியல் படிப்புகள் நிறையவே ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஒகினாவாவில் உள்ள ஓ.ஐ.எஸ்.டி.யில் முனைவர் படிப்பு முழுக்க ஆங்கிலம்தான். இளநிலைப் பட்டத்தோடே விண்ணப்பிக்கலாம், நிதியுதவியும் உண்டு. இளநிலையில் நகோயா, தோஹோக்கு போன்ற தேசியப் பல்கலைக்கழகங்கள் சில பாடங்களை ஆங்கிலத்தில் தருகின்றன. பெப்பு நகரில் உள்ள ரிட்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டவர். டோக்கியோ பல்கலைக்கழகம் 2027 இலையுதிர் காலத்தில் 'காலேஜ் ஆஃப் டிசைன்' என்ற புதிய ஐந்தாண்டுப் படிப்பை ஆங்கிலத்தில் தொடங்கவிருக்கிறது. ஆங்கிலப் படிப்புகள் பலவும் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கும். ஜப்பானிய மொழிப் படிப்புகள் ஏப்ரலில். ஜப்பானிய மொழியில் இளநிலை படிக்க நினைத்தால் ஜாஸோ அமைப்பு ஜூனிலும் நவம்பரிலும் நடத்தும் இ.ஜே.யு. தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

வகுப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம். வார்டு ஆபீஸ், வீட்டு ஓனர், பல் டாக்டர் எல்லாம் ஜப்பானிய மொழியில்தான். படிப்பு முடிந்து அங்கேயே வேலை என்றால் பல நிறுவனங்கள் எதிர்பார்ப்பது என்2 நிலை. இரண்டு வருஷ முதுநிலையில் லேப் வேலையையும் பார்த்துக்கொண்டு பூஜ்ஜியத்தில் இருந்து என்2 எட்டுவது சாதாரண விஷயம் இல்லை. இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

தமிழருக்கு ஒரு சின்ன அனுகூலம்

"நான் நாளைக்குத் தாம்பரத்துக்குப் போறேன்" என்பதை ஜப்பானிய மொழியில் "வதாஷி வா அஷிதா தாம்பராமு நி இகிமாஸ்" எனலாம். நான், நாளை, தாம்பரம், 'க்கு', போகிறேன். வார்த்தைகளின் வரிசை அப்படியே நம்முடையது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வருவதும், வினை கடைசியில் நிற்பதும் அதேபோலத்தான். இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் மொழியியலாளர் ஓனோ சுசுமு, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் என்5 வகுப்பில் உட்காரும் தமிழ் மாணவருக்கு அந்த விவாதம் தேவையில்லை. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர் தலையைச் சொறிகிற இடத்தில் இவர் தமிழில் யோசித்து வாக்கியத்தை முடித்துவிடலாம்.

எழுத்துதான் படுத்தும். தினசரி வாழ்க்கைக்கு என்று ஜப்பான் அரசு பட்டியலிட்டுள்ள காஞ்சி எழுத்துகள் மட்டும் 2,136. இதில் குறுக்கு வழி கிடையாது.

ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சென்னை மையத்தில் நடத்துவது ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய். ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் அமைத்த சங்கம் இது. மொழி வகுப்புகளும் நடத்துகிறார்கள். விண்ணப்பப் பதிவு தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும், அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டால் ஆறு மாதம் போய்விடும்.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வகுத்த நிலையான கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென். நம் கணக்கில் சுமார் 3.1 லட்சம் ரூபாய். சேரும்போது ஒரே தடவை 2,82,000 யென், அதாவது சுமார் 1.6 லட்சம். நம்மூர் தனியார் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

வாழ்க்கைச் செலவுதான் பெரிது. சிறு நகரம் என்றால் மாதம் 80 ஆயிரம் யென், டோக்கியோ என்றால் 1.2 லட்சம் யென் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். எந்த உதவித்தொகையும் இல்லாமல் இரண்டு வருஷ முதுநிலை என்றால், கட்டணம் சுமார் 8 லட்சம் ரூபாய், இருப்பு, சாப்பாடு 11 முதல் 17 லட்சம். மொத்தம் 19 முதல் 25 லட்சம் வரை. விமான டிக்கெட் தனி. பல தேசியப் பல்கலைக்கழகங்களில், குடும்ப வருமானத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்துக் கட்டணத்தில் பாதியோ முழுவதுமோ தள்ளுபடி கேட்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று மாவட்ட நல அலுவலகத்தில் விசாரிப்பது அவசியம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டணம் இப்படியே நிற்காது. டோக்கியோ பல்கலைக்கழகம் 2025 ஏப்ரல் முதல் புதிய இளநிலை மாணவர்களுக்கு 6,42,960 யென்னாக ஏற்றிவிட்டது. வெளிநாட்டு மாணவர்களுக்கு உச்சவரம்பு இல்லாமல் கட்டணம் வைக்க 2024இல் விதி தளர்த்தப்பட்டது. அதைத் தொடர்ந்து தோஹோக்கு 2027 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு 9 லட்சம் யென் என்று அறிவித்திருக்கிறது. அண்ணன் போனபோது இருந்த கணக்கைத் தம்பிக்குப் போடக் கூடாது.

'பார்ட் டைம் பண்ணியே ஃபீஸ் கட்டலாம்'

இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன.

மூன்றாவது வழி, மொழிப் பள்ளி. ஏஜென்ட்டுகள் அதிகம் விற்பது இதைத்தான். மதிப்பெண், பேராசிரியர், நுழைவுத் தேர்வு எதுவும் வேண்டாம். என்5 அளவு மொழியும் பணமும் இருந்தால் போதும் என்பார்கள். மொழிப் பள்ளியில் ஒரு வருஷத்துக்கு 7, 8 லட்சம் யென் வரை ஆகும். ஒன்றரை, இரண்டு வருஷம் படித்து, மொழியைத் தேற்றி, பிறகு பல்கலைக்கழகத்திலோ தொழிற்கல்லூரியிலோ சேரலாம். முறையாகச் செய்தால் இதுவும் வழிதான். ஆனால் மொழிப் பள்ளி தருவது பட்டம் இல்லை என்பதை ஏஜென்ட் அழுத்திச் சொல்வதில்லை.

மாணவர் விசாவில் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சம். நீண்ட விடுமுறையில் மட்டும் நாளைக்கு 8 மணி நேரம் வரை. 2025 அக்டோபரில் வந்த தேசிய சராசரி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,121 யென். வாரம் 28 மணி, மாதம் நான்கு வாரம் என்று பெருக்கினால் சுமார் 1.25 லட்சம் யென். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் போனால் மிஞ்சுவது சொற்பம். மொழி தெரியாத முதல் சில மாதங்களில் அந்த வேலையும் சுலபமாகக் கிடைக்காது. இங்கே வாங்கிய கடனுக்கு இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருந்தால் பையன் என்ன செய்வான்? ராத்திரி இன்னொரு ஷிஃப்ட் சேர்ப்பான். 28 மணியைத் தாண்டுவான். வகுப்பில் தூங்குவான், வருகைப் பதிவு விழும். விசா புதுப்பிக்கப் போகும்போது குடியேற்றத் துறை வரிக் கணக்கில் சம்பளத்தைப் பார்த்துவிடும். புதுப்பிப்பு மறுக்கப்பட்டால் பட்டமும் இல்லை, கடன் மட்டும் மிச்சம்.

இது கற்பனை பயம் இல்லை. டோக்கியோ சமூகநலப் பல்கலைக்கழகம் என்ற ஒரே தனியார் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளில் 1,600க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் இருக்கும் இடம் தெரியாமல் போனது 2019இல் வெளிவந்து, ஜப்பான் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. அதன் பிறகு கண்காணிப்பு இறுகியது. 2024 ஏப்ரல் முதல் மொழிப் பள்ளிகளுக்கு அரசு அங்கீகார முறை வந்திருக்கிறது. பள்ளியின் பெயரை ஏஜென்ட்டிடம் எழுதி வாங்கி, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

வங்கிக் கணக்கிலும் விளையாட வேண்டாம். பல்கலைக்கழகம் சேர்க்கையை உறுதி செய்ததும், ஜப்பான் குடியேற்றத் துறையிடம் 'தகுதிச் சான்றிதழ்' வாங்கித் தரும். சி.ஓ.இ. என்பது அதுதான். அதை வைத்துத்தான் சென்னையில் விசா. சான்றிதழ் மூன்று மாதம் செல்லும். இதற்குப் பணம் கட்டுபவரின் வருமானமும் சேமிப்பும் காட்ட வேண்டும். "பேலன்ஸ் காட்டுறதுக்கு நாங்களே பணம் போட்டுத் தர்றோம்" என்று சொல்கிற அலுவலகத்தில் இருந்து எழுந்து வந்துவிடலாம். திடீரென்று வந்து விழுந்த பத்து லட்சத்தைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் கேள்வி வரும்.

பேப்பர் வேலை

பாஸ்போர்ட்டுக்கு ஊர் தாண்ட வேண்டாம், தாம்பரத்திலேயே சேவா கேந்திரா இருக்கிறது. இழுப்பது டிரான்ஸ்கிரிப்ட்தான். அண்ணா பல்கலைக்கழகமோ சென்னைப் பல்கலைக்கழகமோ, விண்ணப்பித்துக் கையில் வரச் சில வாரங்கள் ஆகலாம். கல்லூரியில் சிபாரிசுக் கடிதம் தரும் ஆசிரியரிடம், கடைசி நாளில் போய் நிற்காமல் ஒரு மாதம் முன்பே கேட்பது மரியாதை. கடிதமும் நன்றாக வரும். சான்றிதழ்களில் பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து ஒரு ஆவணத்தில் அப்பா பெயராகவும் இன்னொன்றில் வெறும் எழுத்தாகவும் இருப்பது தமிழர்களுக்கே உரிய சங்கடம். ஜப்பானில் வங்கி, போன், வீடு என்று ஒவ்வொரு இடத்திலும் இது திரும்பத் திரும்ப வரும்.

இறங்கியதும் விமான நிலையத்திலேயே பெரும்பாலும் குடியிருப்பு அட்டை கொடுத்துவிடுவார்கள். வீடு கிடைத்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர வேண்டும். டாக்டர் செலவில் 30 சதவீதம்தான் கையில் இருந்து போகும். தனியாக வீடு எடுத்தால் அட்வான்ஸ் தவிர 'ரெய்கின்' என்று ஓனருக்கு நன்றிப் பணம் கேட்கும் இடங்களும் உண்டு; அது திரும்பி வராது. முதல் வருஷம் பல்கலைக்கழக ஹாஸ்டல் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் கேள்விக்கு

அசைவம் சாப்பிடுகிறவருக்குப் பெரிய கஷ்டம் இல்லை. சைவத்துக்குத்தான் கவனம் வேண்டும். சூப், நூடுல்ஸ், சாஸ் என்று பலவற்றிலும் 'தாஷி' இருக்கும். மீனைக் காய்ச்சி எடுத்த சாறு அது. "மீன் இல்லை" என்று கடைக்காரர் உண்மையாகவே நம்பிச் சொல்லும் கிண்ணத்திலும் அது இருக்கலாம். அரிசி நன்றாகவே கிடைக்கும், கொஞ்சம் ஒட்டும். டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் இந்தியர்கள் அதிகம், மளிகைக் கடைகளும் உண்டு. சிறு நகரத்தில் ஆன்லைனில் பருப்பு வாங்கி, ரைஸ் குக்கரில் சமைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் கிளம்புவதற்கு முன் ஆறு மாதம் வீட்டு அடுப்படியில் நிற்பதும் தயாரிப்பில் ஒரு பகுதி.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறியைத் தாவர நலச் சான்று இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. மட்டன் ஊறுகாய் மாதிரி இறைச்சிப் பொருட்களும் அப்படித்தான், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். சாம்பார் பொடி, ரசப் பொடியை அம்மா தாராளமாகக் கட்டிக்கொடுக்கலாம்.